கொழிஞ்சாம்பாறை டு டொராண்டோ: தூரம் ஒன்று, நேரம் நான்கு

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு தம்பதி. அய்யாவுக்கு எழுபது வயது, சர்க்கரை உண்டு. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏறமாட்டார். மகன் கனடாவில், டொராண்டோவை ஒட்டிய பிராம்ப்டனில் இருக்கிறார். 2025 மே மாதம் போய், ஆறு மாதம் பேரப்பிள்ளையோடு இருந்துவிட்டு நவம்பரில் திரும்புவதாகத் திட்டம். இருவருக்கும் தமிழும் மலையாளமும் தண்ணீர் பட்ட பாடு; ஆங்கிலம் போர்டு படிக்கிற அளவுக்குத்தான். டிக்கெட் போடும் வேலை என் கடைக்கு வந்தது.

டிக்கெட்டை அச்சடித்துக் கையில் கொடுத்த அன்று அய்யா போனையும் தாளையும் மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

“பையன் அனுப்பினதுல 17 மணி நேரம்னு இருக்குதுங்க தம்பி. நீங்க 23ன்னு எழுதியிருக்கறீங்க. டிக்கெட்டப் பாத்தா ராத்திரி எட்டு மணிக்கு ஏறி காலைல ஒம்பதரைக்கு எறங்கறோம். அது பதிமூணரைதானுங்களே? இதுல எதைங்க நம்பறது?”

மூன்றும் சரி. அதுதான் இந்தக் கேஸை எழுதி வைக்கக் காரணம்.

17 எங்கிருந்து வந்தது

மகன் அனுப்பியது, இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் ஒரு கணக்குத் தளத்தின் படம். கொச்சி முதல் டொராண்டோ வரை சுமார் 13,560 கிலோமீட்டர். இந்தத் தூரம் உருண்டையான பூமியின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் மிகக் குறுகிய வளைகோடு. விமானம் அந்தக் கோட்டில் போகிறதா, அப்படி ஒரு விமானம் உண்டா என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் மாதிரி ஒரு வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் 17 மணி சொச்சம் வந்துவிடும்.

கொச்சியிலிருந்து டொராண்டோவுக்கு நேரடி விமானம் கிடையாது. பறக்க முடியாத தூரம் என்று சொல்லவும் முடியாது; சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய 19 மணி நேரம் ஒரே மூச்சில் பறக்கிற விமானம் இருக்கிறது. தினமும் அத்தனை சீட் நிரம்ப கொச்சியில் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

அய்யாவின் அடுத்த சந்தேகம் எனக்குப் பிடித்த சந்தேகம். “கனடா மேக்கால இருக்குது. படத்துல கோடு வடக்கால போகுதுங்களே?”

என் பையனின் பள்ளிக்கூடத்து உலக உருண்டை கடையில் கிடந்தது. நூலின் ஒரு நுனியை கொச்சியில் வைத்து அவரையே அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மறு நுனியை டொராண்டோவில் வைத்து நான் இழுத்தேன். நூல் தொய்யாமல் விறைத்ததும் தானாக வடக்கே ஏறிக்கொண்டது. மும்பைக் கரையை ஒட்டி, குஜராத் தாண்டி, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஏரல் கடல், ரஷ்யாவின் வடபகுதி என்று போய், ஐஸ்லாந்துக்கும் வடக்கே 70 டிகிரி அட்சரேகையைத் தொட்டு, கிரீன்லாந்தின் பனிமேல் இறங்கி, லாப்ரடார் வழியாக டொராண்டோ வந்தது. கொச்சியில் கிளம்பும்போது இந்தக் கோடு நேர் வடக்கிலிருந்து மேற்கே 20 டிகிரிதான் சாய்ந்திருக்கும். சுவரில் மாட்டிய தட்டை மேப்பில் இது புரியவே புரியாது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “அத்தனை பனியிலயா போகுது, சுவெட்டர் எடுத்து வச்சுக்கோணும்” என்றார். விமானத்துக்குள் குளிரத்தான் செய்யும் என்பதால் நான் மறுக்கவில்லை.

எல்லா வழியும் ஏறக்குறைய ஒரே நீளம்

வழியைத் தேர்ந்தெடுக்க உட்காரும்போது எல்லோரும் முதலில் கேட்பது “எது பக்கம்?” என்றுதான். இந்தக் கேஸில் அந்தக் கேள்விக்குப் பெரிய மதிப்பில்லை என்பது கணக்குப் போட்ட பிறகே தெரிந்தது.

கொச்சியிலிருந்து துபாய் 2,780 கிலோமீட்டர், அங்கிருந்து டொராண்டோ 11,080. கூட்டினால் 13,860. டில்லி வழியாகப் போனால் 2,050-ம் 11,640-ம் சேர்ந்து 13,690. கொச்சிக்குப் பதிலாகக் கோயம்புத்தூரில் ஏறி டில்லி வழியாகப் போனால் இன்னும் நூறு கிலோமீட்டர் குறையும். லண்டன் வழி 8,220-ம் 5,710-ம், ஆக 13,930. எல்லாம் குறுகிய வளைகோட்டுக் கணக்குதான். மிகக் குறைவான நேர்க்கோட்டுக்கும் மிக அதிகமான லண்டன் வழிக்கும் வித்தியாசம் 370 கிலோமீட்டர். விமானத்துக்கு அது அரை மணி நேரம்கூட இல்லை.

வளைகுடா வழியாகப் போனால் சுற்றிக்கொண்டு போகிறோம் என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு உண்டு. தூரத்தில் பார்த்தால் அந்தச் சுற்று நூற்றுக்கு இரண்டேகால் பங்குதான். உண்மையான வித்தியாசம் மூன்று இடத்தில் ஒளிந்திருக்கிறது: யாருடைய வானத்தில் பறக்க அனுமதி, நடுவில் எவ்வளவு நேரம் காத்திருப்பு, வீட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கு எந்த ரோடு.

பீளமேட்டை விட்டு, கொச்சியின் நெடும்பாசேரிக்கு

முதலில் நான் எழுதிக் கொடுத்தது கோயம்புத்தூர் – டில்லி – டொராண்டோ. காரணம் ரோடு. வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி, க.க.சாவடி வழியாகப் பீளமேடு ஏர்போர்ட்டுக்கு 50 கிலோமீட்டருக்குள். பேச்சும் தமிழ். முட்டி வலிக்காரருக்குக் காரில் உட்காரும் நேரம் குறைவதே பெரிய விஷயம்.

2025 ஏப்ரல் 22-ல் பஹல்காம் தாக்குதல். 24-ம் தேதி பாகிஸ்தான் தன் வானத்தை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. ஏப்ரல் 30-ல் இந்தியாவும் பதிலுக்கு மூடியது. 2019-லும் பாலாகோட் விமானத் தாக்குதலுக்குப் பிறகு பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுவரை இதே கதை நடந்திருக்கிறது.

டில்லியில் கிளம்பி வட அமெரிக்காவுக்குப் போகும் இந்திய விமானத்துக்குப் பாகிஸ்தான்தான் வாசல் மாதிரி. அது அடைத்துவிட்டால் தெற்கே குஜராத், அரபிக்கடல் என்று இறங்கி, சுற்றிக்கொண்டு மேற்கே ஏற வேண்டும். கூடுதல் தூரத்துக்குக் கூடுதல் எரிபொருள், கூடுதல் எரிபொருளுக்குக் கூடுதல் எடை. அந்த நாட்களில் ஏர் இந்தியாவின் வட அமெரிக்க விமானங்கள் சில வியன்னாவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. பயணிகள் சீட்டிலேயே உட்கார்ந்திருக்க, நேரம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

வயசானவர்களுக்கு 14, 15 மணி நேரம் ஒரே சீட் என்பதே கடினம். அதற்கு மேலும் எவ்வளவு நீளும் என்று உறுதி சொல்ல முடியாத டிக்கெட்டை நான் அவர்கள் கையில் கொடுக்க விரும்பவில்லை. மகனிடம் பேசி, கொச்சி – துபாய் – டொராண்டோவுக்கு மாற்றினோம். வளைகுடா நிறுவனங்களுக்கு அந்தத் தடை பொருந்தாது; துபாயிலிருந்து டொராண்டோ போகப் பாகிஸ்தான் தேவையும் இல்லை.

அந்த வழிக்கும் தன் தலைவலி உண்டு. துபாய்–டொராண்டோ நேர்க்கோட்டை உருண்டையில் இழுத்தால் ஈரான், கருங்கடலின் கிழக்குக் கரை தாண்டி உக்ரைன் தலைநகர் கீவ் பக்கமாகப் போகும். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வானம் பயணிகள் விமானங்களுக்கு மூடியே இருக்கிறது. அதனால் அந்த 11,080 என்பதும் காகிதத்துத் தூரம்தான். விமானம் வளைந்துதான் போகும். வளைகுடா வழி என்றைக்கும் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. இவர்கள் போய்ச் சேர்ந்த அடுத்த மாதமே, ஜூன் 23 இரவு, கத்தார் தன் வானத்தைச் சில மணி நேரம் மூடியது. அன்று தோஹா வழி டிக்கெட் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு பெரும்பாடு.

எல்லாவற்றையும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே புக்கிங் எண்ணில் போட்டேன். கொச்சி–துபாய் தனியாக மலிவாகக் கிடைக்கிறது, துபாய்–டொராண்டோ தனியாக எடுக்கலாமே என்று மகனின் நண்பர் ஒருவர் யோசனை சொன்னாராம். தனித்தனி டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது போனது போனதுதான். பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வரலாம். இளவட்டங்கள் வேண்டுமானால் அந்த விளையாட்டு விளையாடட்டும். இருவருக்கும் வீல்சேர் எழுதினேன். ‘எனக்கெதுக்கு’ என்று அய்யா முறுக்கிக்கொண்டார், அம்மா ஒரு பார்வை பார்த்ததும் அடங்கிவிட்டார்.

கடிகாரத்தின் கண்கட்டு

இனி அந்தப் பதிமூன்றரை. டிக்கெட்டில் அச்சாகும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். கொச்சியில் இரவு 8.00. நான்கு மணி பத்து நிமிஷம் பறந்தால் துபாயில் 10.40, ஏனென்றால் துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே நாலே முக்கால் மணி நேரத்துக்குமேல் காத்திருப்பு. விடிகாலை 3.30-க்கு அடுத்த விமானம், 14 மணி நேரம், டொராண்டோவில் காலை 9.30. கோடைக் கணக்கில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். டிக்கெட்டில் தெரியும் பதிமூன்றரையோடு அந்த ஒன்பதரையைக் கூட்டினால் 23. அதுதான் நான் எழுதிக் கொடுத்தது.

திரும்பும் டிக்கெட் நேர் எதிராக ஏமாற்றும். நவம்பர் முதல் ஞாயிறன்று டொராண்டோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். 2025-ல் அது நவம்பர் 2. இவர்கள் திரும்புவது அதற்குப் பிறகு. ஆக வித்தியாசம் பத்தரை மணி. டொராண்டோவில் மதியம் 2.30-க்கு ஏறி, கொச்சியில் மறுநாள் இரவு 7.40-க்கு இறங்குவதாக டிக்கெட் சொல்லும். பார்த்தால் 29 மணி நேரத்துக்குமேல். பத்தரையைக் கழித்தால் 18 மணி 40 நிமிஷம். போகும்போது குறைவாகவும் வரும்போது மலைப்பாகவும் தெரிந்தாலும், உண்மையில் போவதுதான் நீளம், வருவது சுருக்கம்.

சுருக்கத்துக்குப் பெரிய காரணம் காத்திருப்பு குறைவு. மீதி காற்று. விமானம் பறக்கும் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் வடக்கு அட்சரேகைகளில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஆறு ஓடுகிறது. குளிர்காலத்தில் சில இடங்களில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். போகும்போது விமானங்கள் அதைத் தவிர்க்கப் பார்க்கும், வரும்போது அதன்மேல் ஏறிக்கொள்ளப் பார்க்கும். துபாய்–டொராண்டோ 14 மணி நேரம், டொராண்டோ–துபாய் 12 மணி 45 நிமிஷம். கொச்சி பகுதியையும் சேர்த்தால் போக 18 மணி 10 நிமிஷம், வர 16 மணி 35 நிமிஷம். ஒரே தூரத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்குமேல் வித்தியாசம். தூரத்தை வேகத்தால் வகுக்கும் தளங்கள் போக வர இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டுவது இதனால்தான் உதவாது.

சர்க்கரைக்காரருக்கு இந்தக் கடிகார விளையாட்டு வெறும் வேடிக்கை இல்லை. மேற்கே போகும்போது நாள் நீண்டுகொண்டே போகும். காலை மாத்திரை, ராத்திரி மாத்திரை என்பதற்கு நடு வானத்தில் அர்த்தமே இல்லை. நான் டாக்டர் இல்லை, டிக்கெட் தாளோடு டாக்டரிடம் அனுப்பினேன். இறங்கும்வரை எல்லாம் இந்திய நேரம், இறங்கிய பிறகு டொராண்டோ நேரம் என்று அவர் ஒரு தாளில் மணி போட்டு எழுதித் தந்தார். அதற்காகவே அய்யா தன் பழைய கைக்கடிகாரத்தைத் திருப்பவில்லை. மருந்தெல்லாம் கைப்பையில், டாக்டர் சீட்டோடு. பெட்டியில் போட்டு அது வேறு ஊருக்குப் போனால் என்ன செய்வது?

கடிகாரத்தால் துபாயில் ஒரு கூத்து நடந்திருக்கிறது. அம்மாவின் போன் தானாகவே துபாய் நேரத்துக்கு மாறிவிட்டது. அய்யாவின் கை மட்டும் இந்தியாவில். நள்ளிரவு ஒன்றரைக்கே அவர் கடிகாரம் மூன்றைக் காட்ட, பிளைட் போய்விடும் என்று வீல்சேர் தள்ளிய மலப்புறத்துப் பையனைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறார். அவன் மலையாளத்தில் சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் விமானம் ஏறும் கேட்டுக்கே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டான். இந்திய நேரம் துபாய்க்கு முன்னால் ஓடுவதால் சீக்கிரம் போனதோடு சரி. பின்னால் ஓடுகிற கடிகாரமாக இருந்தால் கதை வேறு.

65 கிலோமீட்டரும் 12 மணி நேரமும்

இந்தக் கேஸில் எனக்கு அதிகக் கவலை கொடுத்தது ஆகாயம் இல்லை, தேசிய நெடுஞ்சாலை 544. கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர், பாலக்காடு, ஆலத்தூர், வடக்கஞ்சேரி. அதன் பிறகு குதிரான் மலை. 2021 ஜூலை கடைசியில் சுரங்கப்பாதை திறக்கும் முன் அந்த ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் நின்றே பிளைட்டை விட்டவர்கள் எங்கள் பக்கம் உண்டு. இப்போது குதிரான் சில நிமிஷம். சிக்கல் மண்ணுத்திக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது: ஆம்பல்லூர், முரிங்ஙூர், கொரட்டி என்று அடிப்பாதை வேலைகள். சர்வீஸ் ரோட்டில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்தன.

அது எவ்வளவு மோசம் என்பதற்கு என் வார்த்தை வேண்டாம். 2025 ஆகஸ்ட் 6-ல் கேரள உயர் நீதிமன்றம் இதே ரோட்டின் பாலியேக்கரை டோலில் கட்டணம் வசூலிப்பதையே நிறுத்தி வைத்தது. மேல்முறையீட்டை அதே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 65 கிலோமீட்டர் கடக்க 12 மணி நேரம் ஆகும் ரோட்டுக்கு எதற்கு 150 ரூபாய் என்று விசாரணையின்போது தலைமை நீதிபதியே கேட்டார். டொராண்டோவிலிருந்து துபாய்க்கு 11,000 கிலோமீட்டர் பறக்கவே 12 மணி 45 நிமிஷம்தான்.

மூன்று மணி நேர ரோடு என்று வழக்கமாகச் சொல்வோம். நான் மதியம் 12 மணிக்கே கிளம்பச் சொன்னேன். “எட்டு மணி பிளைட்டுக்கு சோறு தின்னாமக் கிளம்பறதுங்களா?” என்று கேட்டார், கட்டிக்கொண்டு போகச் சொன்னேன். ஆலுவா வரை ரயிலில் போகலாம் என்பது நல்ல யோசனைதான், ஆளுக்கு இரண்டு பெரிய பெட்டியும் முட்டி வலியும் இல்லாதவர்களுக்கு. ஏர்போர்ட் சேரும்போது மணி நான்கரை.

டொராண்டோவில் இறங்கி, இமிக்ரேஷன் முடித்து, பெட்டி எடுத்து, பிராம்ப்டன் வீட்டு வாசலை மிதித்தபோது அந்த ஊரில் காலை பதினொன்றரை. நமக்கு இரவு ஒன்பது. வாசலில் இருந்து வாசலுக்கு 33 மணி நேரம். 17, 13½, 23 என்ற மூன்று எண்ணோடு நான்காவதாக இதுவும் சேர்ந்தது. மகன் லீவு போடவும், அம்மா மாத்திரை எண்ணி எடுக்கவும், தோப்புக்கு ஆள் சொல்லிவிட்டுப் போகவும் உதவுவது இந்த ஒன்றுதான்.

திரும்புவதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. துபாயில் காத்திருப்பு இரண்டு மணி ஐந்து நிமிஷம்தான் என்பது எனக்கு உறுத்தலாக இருந்தது. வயசானவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக நான் போடுவதில்லை. அடுத்த விமானத்துக்கு விட்டால் ராத்திரி முழுக்க அங்கே கிடக்க வேண்டும் என்பதால் மகனே இதைத் தேர்ந்தெடுத்தார். வீல்சேர் இருந்ததால் வரிசையில் நிற்காமல் கடந்துவிட்டார்கள். கொச்சியில் இறங்கி வெளியே வர ஒன்பது, வீடு சேர நள்ளிரவு தாண்டிவிட்டது.

இப்போது சம்பந்தி வீட்டார் கேட்டிருக்கிறார்கள், ஜனவரியில் போக. அங்கே பனிக்காலம்; இறக்கையில் படிந்த பனியை மருந்து தெளித்து எடுத்த பிறகே விமானத்தைக் கிளப்புவார்கள் என்பதால், திரும்பும் டிக்கெட்டில் துபாய் காத்திருப்பு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவர்களுக்குப் பீளமேட்டில் ஏறத்தான் ஆசை, டில்லி வழியாக. 2025-ல் பாகிஸ்தான் தடையை மாதாமாதம் நீட்டித்துக்கொண்டே வந்தார்கள்; ஒவ்வொரு கெடுவும் 23, 24-ம் தேதி வாக்கில் முடியும். அந்தத் தேதி கழியட்டும், பார்த்துவிட்டு டிக்கெட் போடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.